வெறும் டெக்ஸ்ட்தானே சார்!

"வெறும் டெக்ஸ்ட்தானே சார், அதுல என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால் எனக்குள் சுருக்கென்கிறது. கணினிகளையும் அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிரிண்டர்களையும் கட்டி மேய்ப்பதுதான் என் வேலை. படம் சரியாக வரவில்லை, பிடிஎஃப் பாதியில் நின்றுவிட்டது என்று வரும் புகார்களுக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கும். டிரைவரை மாற்றிப் பார்க்கலாம், வேறு செயலியிலிருந்து அடித்துப் பார்க்கலாம். ஆனால் அலங்காரம் எதுவுமில்லாத, எழுத்தும் இடைவெளியும் மட்டுமே உள்ள ஒரு கோப்பு நெட்வொர்க் பிரிண்டரில் தாறுமாறாக வரும்போது, எதிரில் நிற்பவருக்கு அதை விளக்கவே முடிவதில்லை. அவர் பார்வையில் இதைவிட எளிய ஆவணம் கிடையாது. பிரிண்டரின் பார்வையிலோ இதைவிட வாயடைத்த ஆவணம் கிடையாது.

பிடிஎஃப் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும். பக்கம் இவ்வளவு அகலம், எழுத்துரு இது, இந்த வரி இந்த இடத்தில், பக்கம் இங்கே முடிகிறது என்று எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். டெக்ஸ்ட் கோப்பில் அப்படி ஒன்றும் கிடையாது. அடுத்த வரி ஓரத்திலிருந்து தொடங்க வேண்டுமா, ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, எண் 224 என்றால் எந்த எழுத்து, கடைசிப் பக்கத்தை வெளியே தள்ளுவது யார் என்று எதையும் அது சொல்லாது. இத்தனை முடிவுகளையும் வேறு யாராவது எடுத்தாக வேண்டும். திரையில் பார்க்கும்போது எடிட்டர் எடுத்துவிடுகிறது, நமக்குத் தெரிவதே இல்லை. நெட்வொர்க் வழியாகப் பிரிண்டருக்குப் போகும்போது, அந்த முடிவுகளை எடுக்க வழியில் யாருமே இல்லாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம்.

முதல் வரி மட்டும் ஒழுங்கு

லினக்ஸ் சர்வரில் இரவில் ஓடும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட். காலையில் ஒரு பட்டியல் அச்சாகி வர வேண்டும். வந்திருந்தது. முதல் வரி இடது ஓரத்தில் அழகாக ஆரம்பித்து நடுவில் முடிந்திருந்தது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்குக் கீழே ஆரம்பித்திருந்தது. மூன்றாவது அதற்கும் வலப்பக்கம். நான்காவது வரியில் பாதிதான் தாளில் இருந்தது, மீதி வலது விளிம்போடு காணாமல் போயிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, பக்கம் முழுக்க வெள்ளை. அடுத்தடுத்த தாள்களும் வெள்ளை. வரிகள் இறங்கிக்கொண்டேதான் இருந்தன, ஆனால் தாளுக்கு வெளியே. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை மாடிப்படி என்றே சொல்கிறோம். பட்டியலைக் கேட்டிருந்த கணக்குப் பிரிவுக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நோட்பேட்ல திறந்து அடிச்சா நல்லாத்தானே வருது" என்றார்.

அது உண்மைதான், ஆனால் அதற்குப் பொருள் வேறு. நோட்பேட் பிரிண்டருக்கு டெக்ஸ்டை அனுப்புவதே இல்லை. எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் வர வேண்டும் என்று அதுவே வரைந்து விண்டோஸிடம் கொடுக்கிறது. டிரைவர் அதைப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றுகிறது. அங்கே முடிவெடுக்க ஆள் இருக்கிறது. நம் ஸ்கிரிப்ட்டோ கோப்பின் பைட்டுகளை அப்படியே பிரிண்டரின் 9100ஆம் போர்ட்டில் கொட்டுகிறது. அந்தப் போர்ட்டில் வருவதைப் பிரிண்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும். மாடிப்படி அதன் தவறல்ல, சொன்னதைத்தான் செய்தது.

காரணம் பழைய டெலிடைப், அதாவது கம்பி வழியாக வரும் செய்தியைத் தாளில் அடிக்கும் தட்டச்சு இயந்திரத்தின் காலத்துக்குப் போகிறது. 1963இல் வந்த மாடல் 33 டெலிடைப் நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவருவது ஒரு வேலை, தாளை ஒரு வரி மேலே நகர்த்துவது வேறு வேலை. அதனால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி குறியீட்டில் இரண்டுக்கும் தனித்தனி எண்: கேரேஜ் ரிட்டர்ன் 13, லைன் ஃபீட் 10. தலை ஓரத்துக்கு ஓடிவர ஓர் எழுத்து அடிக்கும் நேரம் போதாது என்பதால், இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து வருவது வசதியாகவும் இருந்தது. பிறகு மல்டிக்ஸ் என்ற இயங்குதளம் ஒற்றை லைன் ஃபீடே வரியின் முடிவு என்று வைத்துக்கொண்டது, யூனிக்ஸ் அதைப் பின்பற்றியது. சிபிஎம்மும் டாஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. லேசர் பிரிண்டரில் ஓடிவர அச்சுத் தலையே கிடையாது. ஆனாலும் எண் 10 வந்தால் கீழே மட்டும் இறங்குவது, 13 வந்தால்தான் ஓரத்துக்குத் திரும்புவது என்ற பழக்கம் அப்படியே தங்கிவிட்டது.

யூனிக்ஸ்காரர்களுக்கு இது தெரியாததல்ல. கோப்பில் லைன் ஃபீட் மட்டும் இருந்தாலும், டெர்மினலுக்கு அனுப்பும் நேரத்தில் இயங்குதளத்தின் மையமான கெர்னலே ஒரு 13ஐச் சேர்த்துவிடும். அந்த அமைப்பு இன்றும் ஒவ்வொரு லினக்ஸ் டெர்மினலிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஸ்டிடிஒய் கட்டளையில் அதை அணைத்துப் பாருங்கள், திரையிலேயே மாடிப்படி வரும். சீரியல் கேபிளில் பிரிண்டர் கணினியின் முதுகில் மாட்டியிருந்த காலத்தில், பிரிண்டருக்கும் இதே ஏற்பாடு காவல் இருந்தது. பிரிண்டர் நெட்வொர்க்குக்கு இடம் மாறியபோது கேபிள் போனது, கூடவே அந்தக் காவலும் போனது. நெட்வொர்க்கில் பைட்டுகளைச் சுமக்கும் டிசிபி இணைப்புக்கு வரி என்றால் என்னவென்றே தெரியாது.

மூன்று இடங்கள்

சரி, 13ஐச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதானே? அவ்வளவுதான். ஆனால் எங்கே சேர்ப்பது என்பதில் மூன்று இடங்கள் இருக்கின்றன. அனுப்புகிறவர் தன் கோப்பை மாற்றி அனுப்பலாம். வழியில் இருக்கும் ஏதோ ஒன்று மாற்றலாம். இல்லையென்றால், 10 வந்தாலும் ஓரத்துக்குத் திரும்பு என்று பிரிண்டரிடமே சொல்லலாம். மூன்றிலும் தாள் ஒரே மாதிரிதான் வரும். அதனால்தான் பலரும் கைக்கு எட்டுகிற முதல் வழியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று நானும் வெகு காலம் விவாதிக்காமலே ஏற்றுக்கொண்டிருந்தேன். ஒரு படம் வந்து அந்த நம்பிக்கையைக் கலைத்தது.

நான் பொறுப்பேற்ற ஓர் இடத்தில் முன்பிருந்தவர் மாடிப்படிப் பிரச்சினையை ஏற்கெனவே தீர்த்து வைத்திருந்தார். பிரிண்டரை எல்பிடி என்ற பழைய நெட்வொர்க் அச்சு நெறிமுறையில் இணைத்து, தொலைமுனைக் கியூவுக்கு, அதாவது பிரிண்டர் பக்கத்து அச்சு வரிசைக்கு, டெக்ஸ்ட் என்று பெயர் கொடுத்திருந்தார். பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைக்கும் ஹெச்பியின் ஜெட்டைரக்ட் அட்டைகளோடு பழகியவர்களுக்கு இந்த வித்தை தெரியும். அந்த அட்டையில் கியூவின் பெயர் வெறும் பெயரல்ல, கட்டளை. ரா என்ற பெயரில் அனுப்பினால் வந்த பைட்டுகள் அப்படியே பிரிண்டருக்குப் போகும். டெக்ஸ்ட் என்ற பெயரில் அனுப்பினால் அட்டையே கேரேஜ் ரிட்டர்னைச் சேர்த்துவிடும். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், எந்த ஸ்கிரிப்டும் வேண்டாம். அழகான தீர்வு. பட்டியல்கள் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன, யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு பட்டியலை அனுப்பும் நிரலில், பட்டியலின் தலைப்பில் ஒரு சிறிய சின்னமும் ஒரு வரைபடமும் சேர்த்தார்கள். நிரல் பிசிஎல் என்ற பிரிண்டர் மொழியிலேயே படத்தை உருவாக்கி அதே கியூவுக்கு அனுப்பியது. தாளில் வந்ததைப் பார்த்தால், சின்னத்தின் சில கிடைக்கோடுகள் மட்டும் பாதியிலிருந்து வலப்பக்கம் நகர்ந்திருந்தன, யாரோ தாளை நடுவில் கத்தரித்துக் கொஞ்சம் தள்ளி ஒட்டியது போல. சில வரிகள் சரி, சில வரிகள் விலகல், அதில் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. படத்தின் மேலேயே ஆங்காங்கே சம்பந்தமில்லாத ஒற்றை எழுத்துகள் வேறு. டோனரைச் சந்தேகித்தார்கள், மெமரியைச் சந்தேகித்தார்கள். பிரிண்டர் பழசாகிவிட்டது என்று மாற்றச் சொல்லிக் கோரிக்கையே தயாரானது.

நகர்ந்திருந்த வரிகளின் தரவைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நகர்ந்த ஒவ்வொரு வரியிலும், நகர்வு தொடங்கும் இடத்தில், 10 என்ற பைட் இருந்தது. நகராத வரிகளில் இல்லை. படத்தில் 10 என்பது லைன் ஃபீட் அல்ல, எட்டுப் புள்ளிகளில் இரண்டு கறுப்பு, மீதி வெள்ளை என்பதுதான் அதன் பொருள். அட்டைக்கு அது எப்படித் தெரியும்? அதைப் பொறுத்தவரை 10 என்றால் 10தான். பக்கத்தில் ஒரு 13ஐச் செருகியது. அந்த ஒரு பைட்டால் வரியின் மீதி எட்டுப் புள்ளி வலப்பக்கம் போனது. பிசிஎல்லில் ஒவ்வொரு பட வரிக்கும் முன்னால் இத்தனை பைட் வருகிறது என்று கணக்குச் சொல்லப்பட்டிருக்கும். ஒன்று கூடிவிட்டதால் கடைசி பைட் கணக்குக்கு வெளியே விழுந்தது. வெளியே விழுந்ததைப் பிரிண்டர் ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டு அச்சடித்தது. படத்தின் மேல் உட்கார்ந்திருந்த அந்த அநாதை எழுத்துகள் வந்த வழி அதுதான்.

முன்பிருந்தவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் காலத்தில் அந்தக் கியூவில் டெக்ஸ்ட் மட்டும்தான் போனது. ஆனால் மூன்று இடங்களும் ஒன்றல்ல என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வழியில் இருக்கும் அட்டைக்குப் பைட் மட்டும்தான் தெரியும், ஆவணம் தெரியாது. பிரிண்டரின் உள்ளே இருக்கும் பிசிஎல் இயந்திரத்துக்கோ, இப்போது படத்துக்குள் இருக்கிறோமா எழுத்துகளுக்கு நடுவில் இருக்கிறோமா என்பது ஒவ்வொரு பைட்டிலும் தெரியும். அதனிடம் "10 வந்தால் ஓரத்துக்கும் திரும்பிக்கொள்" என்று சொன்னால், படத்துக்குள் வரும் 10ஐ அது தொடாது. அதைச் சொல்ல ஐந்து பைட் போதும்: எஸ்கேப், ஆம்பர்சண்ட், சிறிய கே, 2, பெரிய ஜி. இந்த ஐந்தையும் கோப்புக்கு முன்னால் அனுப்பினால் மாடிப்படி நின்றுவிடும், படமும் பிழைக்கும். கியூவை ராவுக்கு மாற்றி, இந்த ஐந்து பைட்டை டெக்ஸ்டுக்கு முன்னால் மட்டும் ஒட்டினோம். பிரிண்டர் மாற்றும் கோரிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அப்படியானால் பிரிண்டரின் மெனுவிலேயே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். பல லேசர் பிரிண்டர்களின் பிசிஎல் மெனுவில், லைன் ஃபீடோடு கேரேஜ் ரிட்டர்னைச் சேர்க்கட்டுமா என்று ஒரு வரி இருக்கும், ஆமாம் என்று வைத்தால் போதும். அதுவும் படத்தைக் கெடுக்காது. ஆனாலும் எனக்கு அது பிடிக்காது. மெனுவில் வைத்தது யார் கண்ணிலும் படாது, எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. பழுது பார்க்க வந்தவர் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் போயிற்று. அதற்குப் பதில் வேறு பிரிண்டர் வந்தாலும் போயிற்று. அன்று காலையில் மீண்டும் மாடிப்படி, மீண்டும் எல்லோரும் ஸ்கிரிப்டைச் சந்தேகிப்பார்கள். சர்வரில், அனுப்பும் முன் கோப்பை மாற்றிக்கொடுக்கும் ஃபில்டர் நிரலில் இருந்தால் குறைந்தபட்சம் திறந்து படிக்கலாம், காப்பு எடுத்து வைக்கலாம். பழைய யூனிக்ஸ் முறையில், பிரிண்டர்களைப் பட்டியலிடும் பிரிண்ட்கேப் கோப்பில் ஒவ்வொரு கியூவுக்கும் ஒரு உள்ளீட்டு ஃபில்டர் கொடுக்க இடமிருந்தது இதற்காகத்தான். ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தின் பழைய கையேட்டில் இந்த ஐந்து பைட்டை வைத்து எழுதிய குட்டி ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. ஏதோ மந்திரம் என்று நினைத்து நகலெடுத்தவர்கள் பலர். படித்துப் பார்த்தால் நேரான விஷயம்: முதலில் ஐந்து பைட், அப்புறம் கோப்பு, கடைசியில் பக்கத்தை வெளியே தள்ளு.

எல்பிடி நெறிமுறையை 1990இல் ஆர்எஃப்சி 1179 என்ற இணைய ஆவணமாக எழுதி வைத்தபோதே, அனுப்புகிறவர் கோப்பின் வகையைச் சொல்ல வழி வைத்திருந்தார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. சாதாரண டெக்ஸ்ட் என்று ஓர் எழுத்து, கட்டுப்பாட்டுக் குறிகளைத் தொடாதே என்று இன்னோர் எழுத்து, தலைப்பும் பக்க எண்ணும் போட்டுக்கொடு என்று வேறோர் எழுத்து. அச்சுக்கு அனுப்பும் விண்டோஸின் எல்பிஆர் கட்டளையிலும் இதன் வால் இருக்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் கோப்பை டெக்ஸ்ட் என்றே எடுத்துக்கொள்ளும், பைனரி என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்ல வழி இருந்தும் யாரும் சொல்வதில்லை. "வெறும் டெக்ஸ்ட்தானே" என்பதில் எனக்கு வரும் எரிச்சலில் பாதி இதற்காகத்தான்.

ஒன்றுமே வராத பிரிண்டர்

மாடிப்படியாவது பரவாயில்லை, ஏதோ வந்தது என்று தெரியும். போஸ்ட்ஸ்கிரிப்ட் மட்டும் தெரிந்த பிரிண்டருக்கு டெக்ஸ்டை அனுப்பிப் பாருங்கள். விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டும், பிறகு நின்றுவிடும். தாள் வராது, பிழைச் செய்தியும் வராது. கியூவில் பார்த்தால் வேலை முடிந்தது என்று காட்டும். அந்தப் பிரிண்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு நிரல்மொழி. நம் பட்டியலை அது நிரல் என்று நினைத்து ஓட்டிப் பார்க்கிறது, முதல் சொல்லிலேயே பிழை, மீதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. இதற்கு நேர் எதிரானது எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத பிரிண்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்டை அனுப்பினால், விழுக்காட்டுக் குறியும் ஆச்சரியக் குறியும் முன்னால் நிற்க, பக்கம் பக்கமாக நிரலைக் கக்கும்.

அந்த விழுக்காட்டுக் குறியும் ஆச்சரியக் குறியும்தான் ஃபில்டர் எழுதுகிறவருக்குத் துணை. கோப்பின் முதல் இரண்டு எழுத்து அதுவாக இருந்தால் அப்படியே அனுப்பு, இல்லையென்றால் என்ஸ்கிரிப்ட் மாதிரி ஒன்றின் வழியாகப் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றி அனுப்பு. பல காலம் உலகம் இந்த இரண்டு எழுத்துச் சோதனையை நம்பித்தான் ஓடியது.

கடைசிப் பக்கம் இன்னொரு தொல்லை. 9100இல் நேராகக் கொட்டிய டெக்ஸ்டின் கடைசிப் பக்கம் பாதியில் முடிந்தால், பல பிரிண்டர்கள் அதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். இன்னும் வரி வரலாம் அல்லவா? யாராவது வந்து பொத்தானை அமுக்கினால் வரும். சிலர் உடனே ஃபில்டரின் முடிவில் ஒரு ஃபார்ம் ஃபீட், அதாவது எண் 12, போட்டுவிடுவார்கள். கோப்பிலேயே ஏற்கெனவே ஒரு ஃபார்ம் ஃபீட் இருந்தால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வெள்ளைத் தாள் வீணாகும். பிசிஎல் பிரிண்டரில் எஸ்கேப்பும் பெரிய ஈயும் சேர்ந்த ரீசெட் கட்டளைதான் நல்லது. பக்கத்தில் ஏதாவது இருந்தால் தள்ளும், காலியாக இருந்தால் சும்மா இருக்கும். கூடவே நாம் போட்ட ஐந்து பைட் மாற்றத்தையும் கலைத்துவிடும், அடுத்தவர் வேலைக்கு அது போய்ச் சேராது.

அகலம்

80 எழுத்து அகலத்துக்கு எழுதிய பட்டியல் ஏ4 தாளில் ஏன் கடைசி மூன்று எழுத்துகளை இழக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் இருப்பீர்கள். கணக்கு இதுதான். ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து என்றால் 80 எழுத்துக்கு 8 அங்குலம் வேண்டும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், ஏறக்குறைய 8.27 அங்குலம். ஓரங்களைக் கழித்து பிசிஎல் தரும் அகலம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2338 புள்ளி, அதாவது 7.79 அங்குலம். 77 எழுத்துதான் முழுதாக நிற்கும். லெட்டர் அளவுத் தாளிலோ சரியாக 2400 புள்ளி, 80 எழுத்து ஒட்டி உட்காரும். எண்களின் பட்டியலில் வலது ஓரத்தில் போகும் மூன்று எழுத்து என்பது தொகையின் கடைசி இலக்கங்கள் என்று நினைத்துப் பாருங்கள். பார்க்கிறவருக்குத் தொகை முழுசாக இருப்பது போலவே தெரியும். மாடிப்படியைவிட எனக்குப் பயம் இதில்தான்.

இந்தத் தலைவலி பழசு என்பதால், பல பிரிண்டர்களின் மெனுவில் அகல ஏ4 என்று ஒரு தேர்வே வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் ஏ4லும் 80 எழுத்து வரும். மெனுவைப் பற்றி மேலே சொன்ன என் குறை இதற்கும் பொருந்தும். எழுத்தை அங்குலத்துக்கு 12 என்று சுருக்குவது இதைவிட நம்பகமானது. 132 எழுத்துப் பட்டியல்களை அங்குலத்துக்கு 16.67 என்று சுருக்கிய எழுத்தில் நெடுக்காக அடிக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: 16.67ஐ 7.79ஆல் பெருக்கினால் 130க்கே எட்டாது. தாளைக் குறுக்காகத் திருப்புங்கள்.

எண் 224

தமிழ்க் கோப்பை இப்படி அனுப்பிப் பார்க்காதவர் யார்? யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பிரிண்டருக்கு யூடிஎஃப்-8 என்று யாரும் சொல்லவில்லை. அது தன் இயல்பான பிசி-8 குறித்தொகுப்பில் பார்க்கும். அங்கே 224 கிரேக்க ஆல்பா, 174 இடப்பக்கம் பார்த்த இரட்டைக் கோண மேற்கோள், 175 வலப்பக்கம் பார்த்தது. ஆகவே தமிழில் எதை எழுதினாலும் தாளில் ஆல்பா, மேற்கோள், வேறு ஏதோ ஒன்று, மறுபடியும் ஆல்பா, மேற்கோள் என்று வரும். ஒரு தடவை பார்த்தால் அப்புறம் மறக்காது: தாளில் ஆல்பா வரிசையாக நின்றால் அது தமிழ்தான் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

இதைப் பிரிண்டரின் பக்கம் சரிசெய்ய முயல்வது வீண். எழுத்துரு இருந்தால் மட்டும் போதாது, கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கவும் தெரிய வேண்டும். ஒற்றை அகலக் கட்டங்களில் எழுத்துகளை அடுக்கும் எளிய ஃபில்டர்களுக்கு அது தெரியாது. பாங்கோ நூலகத்தை வைத்து ஓடும் பாப்ஸ் என்ற கருவி டெக்ஸ்டை வாங்கி, எழுத்துகளைச் சரியாகக் கோத்துப் பக்கமாக்கித் தரும். தமிழுக்கு நான் வேறு எதையும் பரிந்துரைப்பதில்லை. அகலத்தை எண்ணிக் கட்டிய பட்டியலில் தமிழ் கலந்தால் கட்டம் குலையத்தான் செய்யும், அதைப் பாப்ஸும் காப்பாற்றாது.

இப்போதைய நிலவரம்

லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருள் வந்த பிறகு இதில் பெரும்பகுதி கண்ணில் படாமல் போய்விட்டது. வருவது டெக்ஸ்ட்தானா என்று கோப்பின் தொடக்கத்தைப் பார்த்து அதுவே முடிவு செய்கிறது. டெக்ஸ்ட் என்றால் பிடிஎஃப் ஆக்கி, பிரிண்டருக்குப் பிடித்த வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. முடிவெடுக்க மறுபடியும் ஓர் ஆள் கிடைத்துவிட்டது, அதுவும் சர்வரில், எழுதி வைக்கக்கூடிய இடத்தில். எழுத்தின் நெருக்கத்தையும் வரியின் நெருக்கத்தையும் எல்பி என்ற அச்சுக் கட்டளையிலேயே சொல்லலாம். கோப்பின் தலையில் ஏதாவது விசித்திரக் குறி இருந்து அது டெக்ஸ்ட் இல்லை என்று கப்ஸ் மறுத்தால், ஆவண வகையையும் நாமே சொல்லிவிடலாம்.

ஆனால் பழைய நிரல்கள் பல இன்னும் ரா கியூவையே நம்பியிருக்கின்றன. ஒன்றும் மாற்றாமல் பைட்டை அப்படியே தள்ளும் அந்தக் கியூக்கள் வழக்கொழிந்தவை, வருங்காலப் பதிப்பில் வேலை செய்யாது என்று கப்ஸே எச்சரிக்கிறது. இன்னொரு பக்கம் பிரிண்டர்களும் மாறிவிட்டன. 2010இல் ஏர்பிரிண்டும் 2013இல் ஐபிபி எவ்ரிவேரும் வந்த பிறகு, டிரைவர் இல்லாமல் 631ஆம் போர்ட்டில் பேசும் பிரிண்டர்கள்தான் எங்கும். அவற்றிடம் என்னென்ன வடிவம் உனக்குத் தெரியும் என்று கேட்டால் ஒரு பட்டியல் தரும். பிடிஎஃப் இருக்கலாம், ராஸ்டர் எனப்படும் புள்ளிப்பட வகைகள் இருக்கும். டெக்ஸ்ட் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. விலை மலிந்த மாடல்களுக்குப் பிசிஎல்லும் தெரியாது. அவற்றின் 9100இல் டெக்ஸ்டைக் கொட்டினால் என்ன வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இது நல்லதா கெட்டதா என்று கேட்டால், நல்லது என்றுதான் சொல்வேன். டெக்ஸ்டைப் பக்கமாக்கும் வேலையைப் பிரிண்டர் கைவிட்டது பெரிய இழப்பல்ல. அது அந்த வேலையை ஒருபோதும் நன்றாகச் செய்ததில்லை. எங்கள் பக்கத்து நிரலாளர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "ஒரு வரியை நேரா போர்ட்டுக்கு அனுப்பினா தாள்ல வரணும் சார், அதுதான் பிரிண்டர்" என்பது அவர் கட்சி. சர்வரே படுத்துக் கிடக்கும் நேரத்தில், பைட்டுகளை நேராகப் போர்ட்டுக்கு அனுப்பும் நெட்கேட் கட்டளை ஒன்றை வைத்துப் பிழைப் பதிவைத் தாளில் எடுக்க முடிந்த சுகம் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதற்காகவே பிசிஎல் தெரிந்த பழைய லேசர் ஒன்றைச் சர்வர் அறையில் இன்னும் வைத்திருக்கிறோம். மற்ற எல்லாப் பிரிண்டரும் கப்ஸ் வழியாகத்தான்.

புதிய பிரிண்டர் எதுவானாலும் நான் முதலில் அனுப்புவது ஒரு சோதனைக் கோப்பு. முதல் வரியில் 1 முதல் 80 வரை இடத்தை எண்ணும் அளவுகோல். பிறகு எண்ணிட்ட 70 வரிகள், ஏ4இல் அங்குலத்துக்கு ஆறு வரி என்றால் அதற்குள் பக்கம் எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். நடுவில் டேப் போட்ட ஒரு வரி, ஒரே ஒரு தமிழ் வரி. எல்லா வரியும் லைன் ஃபீடில் மட்டும் முடியும், கடைசி வரி தவிர. அதன் முடிவில் ஒன்றுமே இருக்காது. யாரும் பொத்தானைத் தொடாமல் அந்தக் கடைசி வரி தாளில் வந்துவிட்டால் பிரிண்டரைப் பயன்பாட்டுக்குக் கொடுக்கிறேன். வராவிட்டால் முதலில் ஃபில்டரைத்தான் திறந்து பார்ப்பேன்.